புகையை விட்டுச் சில மாதம் ஆனவர்களுக்கு



இன்னும் புகைத்துக்கொண்டிருப்பவர்களுக்கு நான் இதை எழுதவில்லை. அவர்களிடம் பேச நிறையப் பேர் இருக்கிறார்கள். படம் தொடங்கும் முன் திரையரங்கில் ஒரு குரல் எச்சரிக்கிறது. சிகரெட் பெட்டியின் 85 சதவீதப் பரப்பை அடைத்துக்கொண்டு புண் பிடித்த உறுப்பின் படம் எச்சரிக்கிறது. டாக்டர், மனைவி, மாமனார் என்று ஆள் மாற்றி ஆள் சொல்கிறார்கள். நீங்கள் அதையெல்லாம் கேட்டு, ஒரு நாள் நிறுத்தியும் விட்டீர்கள். இரண்டு மாதம் ஆகியிருக்கலாம், எட்டு மாதம் ஆகியிருக்கலாம், ஒன்றரை வருடம்கூட ஆகியிருக்கலாம். நீங்கள் நிறுத்திய மறு வாரமே உங்களிடம் இதைப் பற்றிப் பேசுவதை எல்லோரும் நிறுத்திவிட்டார்கள். என் முதல் வருத்தம் அதுதான். இந்த மடல் எழுதக் காரணமும் அதுவே.

நானும் விட்டவன்தான். விட்டுப் பல வருடங்கள் ஆகின்றன. என் காலத்தில் விட்ட நண்பர்களில் பலர் இப்போது மறுபடியும் பெட்டிக்கடை வாசலில் நிற்கிறார்கள். அவர்களை மன உறுதி இல்லாதவர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. முதல் மூன்று வாரங்களை என்னைவிடச் சுலபமாகத் தாண்டியவர்கள் அவர்களில் உண்டு. ஆறு மாதம் கழித்து, ஒரு வருடம் கழித்து, அவர்களே எதிர்பார்க்காத ஒரு மாலையில் திரும்பிப் போனார்கள். 2016–17-இல் நம் நாட்டில் எடுத்த புகையிலைக் கணக்கெடுப்பில், புகைப்பவர்களில் 38.5 சதவீதம் பேர் அதற்கு முந்தைய 12 மாதத்தில் விட முயன்றதாகச் சொல்லியிருக்கிறார்கள். விட முயல்பவர்களுக்கு இங்கே பஞ்சமே இல்லை. விட்ட இடத்தில் நிற்பதற்குத்தான் யாரும் துணை வருவதில்லை.

உங்களிடம் ஒரு வேண்டுகோள் இருக்கிறது. அதைக் கடைசியில் வைக்கிறேன், ஏனென்றால் காரணம் தெரியாமல் கேட்டால் அது அற்பமாகத் தெரியும்.

நீங்கள் விட்ட வாரத்தை நினைத்துப் பாருங்கள். காரணம் கண்ணெதிரே நின்றது. இசிஜியைப் பார்த்து டாக்டர் புருவத்தை உயர்த்தினார். அல்லது கூட வேலை செய்தவருக்கு நாற்பத்தைந்து வயதில் ஸ்டென்ட் வைத்தார்கள். அல்லது மகள் "அப்பா மேல நாத்தம் அடிக்குது" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இன்று அந்தக் காரணங்கள் எங்கே? இருமல் நின்றுவிட்டது. இரண்டு மாடி ஏறினால் மூச்சு வாங்குவதில்லை. மகள் மடியில் வந்து உட்கார்கிறாள், எப்போதுமே அப்படித்தான் உட்கார்ந்தவள் போல. கிடைத்தது எல்லாம் பழகிப்போய் அன்றாடம் ஆகிவிட்டது. யாரும் காலையில் எழுந்து "ஆகா, இன்றைக்கும் எனக்கு இருமல் இல்லை" என்று மகிழ்வதில்லை. இழந்தது மட்டும் நினைவில் நாளுக்கு நாள் அழகாகிக்கொண்டே போகிறது. மழை நாள், சூடான டீ, முதல் இழுப்பு என்று மனசு படம் ஓட்டிக் காட்டும். அந்தப் படத்தில் சளியும் வராது, சட்டை நாற்றமும் வராது.

புராண வைராக்கியம், பிரசவ வைராக்கியம், மயான வைராக்கியம் என்று நம் பெரியவர்கள் மூன்றைச் சொல்லிச் சிரிப்பார்கள். கதை கேட்டு எழுந்தவனின் துறவும், பிரசவ வலியில் இருந்தவளின் சபதமும், சுடுகாட்டில் நின்றவனின் ஞானமும் வீடு வந்து சேரும் முன் கரைந்துவிடும் என்பது அவர்கள் கண்ட அனுபவம். நம் காலத்துக்கு ஆஸ்பத்திரி வைராக்கியம் என்று நான்காவதையும் சேர்த்துக்கொள்ளலாம். ஆகவே உங்கள் உற்சாகம் வற்றிப்போயிருந்தால் உங்களிடம் கோளாறு என்று நினைக்காதீர்கள். வைராக்கியத்தின் குணமே அதுதான். நான் சொல்ல வருவது இவ்வளவே: அது திரும்பி வரும் என்று காத்திருக்காமல், அது இல்லாத நாளிலும் உங்களைத் தாங்கிப் பிடிக்கிற மாதிரி சில ஏற்பாடுகளைச் செய்துகொள்ளுங்கள்.

என்ன ஏற்பாடு என்பதற்கு முன், உங்களை இப்போது இழுப்பது எது என்று தெரிய வேண்டும். நீங்கள் அதை உடம்பின் தேவை என்று நினைத்துக்கொண்டிருக்கக்கூடும். நிகோடின் இழுத்த 10, 20 வினாடியில் மூளையைத் தொடுகிற சரக்கு. அதே வேகத்தில் கிளம்பியும் விடும். இரண்டு மணி நேரத்தில் ரத்தத்தில் பாதிதான் மிஞ்சும். விட்டவர்களுக்கு வரும் எரிச்சல், தூக்கமின்மை, பரபரப்பு எல்லாம் முதல் சில நாளில் உச்சத்துக்குப் போய், மூன்று நான்கு வாரத்தில் பெரும்பாலும் அடங்கிவிடும். நிகோடினுக்காக மூளையில் பெருகியிருந்த ஏற்பிகள்கூட மூன்று மாதத்துக்குள் புகைக்காதவருடைய அளவுக்கு இறங்கிவிடுகின்றன. ஐந்தாவது மாதம் உங்களைக் கடை வாசலுக்கு இழுக்கிற விஷயத்தில் உங்கள் ரத்தத்துக்குப் பங்கு இல்லை. இடமும் நேரமும் ஆட்களும்தான் இழுக்கிறார்கள்.

வியட்நாம் போரில் அமெரிக்கச் சிப்பாய்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் அங்கே ஹெராயினுக்கு அடிமையாக இருந்தார். இவர்கள் ஊர் திரும்பினால் என்ன ஆகும் என்று அரசாங்கமே பயந்தது. லீ ராபின்ஸ் என்ற ஆய்வாளர் 1970-களில் அவர்களைத் தேடிப் போய் விசாரித்தபோது, அடிமையாக இருந்தவர்களில் முதல் வருடத்தில் மறுபடியும் அடிமையானவர்கள் 20 பேரில் ஒருவர் அளவுக்கே இருந்தார்கள். கேட்டவர்கள் நம்பவில்லை. பழக்கம் பிடித்த காடும் முகாமும் கூட்டாளிகளும் பின்னால் தங்கிவிட்டார்கள் என்பது இதற்குச் சொல்லப்படும் முக்கியமான விளக்கம். அவர்களுக்கு நாடே மாறியது. உங்களுக்கு டீக்கடைகூட மாறவில்லை. அதே பெஞ்ச், அதே மாஸ்டர், கம்பத்தில் நூல் கட்டித் தொங்கும் அதே லைட்டர். நீங்கள் செய்துகொண்டிருக்கும் காரியம் அந்தச் சிப்பாய்கள் செய்ததைவிடக் கடினமானது. இதை யாரும் உங்களுக்குச் சொல்லவில்லை என்பதால் நான் சொல்கிறேன்.

நம் ஊரிலேயே இதற்கு இன்னும் நல்ல சாட்சி ஒன்று ஆண்டுதோறும் கார்த்திகையில் நடக்கிறது. ஒரு நாளைக்கு ஒரு பெட்டி ஊதியவர் சபரிமலைக்கு மாலை போடுகிறார். அந்த நிமிடம் முதல் சிகரெட் கிடையாது. 41 நாள், சிலருக்கு 48 நாள். சூயிங்கம் இல்லை, மாத்திரை இல்லை, ஆலோசனை சொல்ல ஆள் இல்லை. (மாலையோடு மறைவில் போய்ப் பிடிக்கும் சாமிகளும் உண்டு; அவர்களை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.) மலையேறி இறங்கி, ஊர் வந்து, மாலையைக் கழற்றிய அன்று மாலையே பெரும்பாலானவர்கள் பழைய கடைக்குப் போய்விடுகிறார்கள். நாற்பது நாளுக்கு முன்பே உடம்பை விட்டுப் போய்விட்ட சரக்கு, நாற்பத்தொன்றாம் நாள் எப்படிக் கூப்பிட்டது?

கூப்பிட்டது சரக்கே இல்லை. மாலை இருந்தவரை அவருக்கு என்னென்ன துணை இருந்தது என்று பாருங்கள். கறுப்பு வேட்டியைப் பார்த்து ஊரே அவரைச் சாமி என்றது. எந்த நண்பனும் "சாமி, ஒரு தம் போடலாமா" என்று கேட்க மாட்டான். கேட்டாலும் கடைக்காரரே கொடுக்கத் தயங்குவார். விடிகாலைக் குளியல், மாலை பஜனை, கூடவே விரதம் இருக்கிற நாலு பேர் என்று நாள் முழுவதும் வேறு ஒழுங்கில் ஓடியது. கழற்றிய நிமிடத்தில் இவை எல்லாம் ஒன்றாகப் போய்விட்டன. அதோடு அந்த விரதத்துக்கு முதல் நாளிலிருந்தே ஒரு முடிவு நாள் குறித்திருந்தது. அவர் மனசு அந்த நாளை எண்ணிக்கொண்டே இருந்தது. நோன்பு மாதத்தில் பகல் முழுக்கத் தொடாதவர்கள், தவக்காலத்தில் நாற்பது நாள் நிறுத்தியவர்கள் கதையும் பெரும்பாலும் இதுதான்.

உங்கள் கழுத்தில் மாலை இல்லை. நீங்கள் விட்டது உங்கள் நெற்றியில் எழுதியிருக்கவில்லை. கல்யாண வீட்டில் பார்க்கும் பழைய நண்பனுக்கு நீங்கள் இன்னும் பழைய ஆள்தான்; பெட்டியை நீட்டத்தான் செய்வான். அப்போது நீங்கள் "இப்போதைக்கு நிறுத்தியிருக்கேன்டா" என்று சொன்னால், அவனுக்கும் உங்களுக்கும் ஒரு முடிவு நாள் எங்கோ இருக்கிறது என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். "நான் பிடிக்கிறதில்ல" என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுங்கள். அவன் சிரிப்பான். சிரித்துவிட்டுப் போகட்டும்.

இனி, "ஒன்றே ஒன்று" என்று தொடங்குகிற அந்தச் சிகரெட்டைப் பற்றி. திரும்பிப் போன என் நண்பர்களில் ஒருவர்கூட "இன்று முதல் மறுபடியும் புகைக்கப்போகிறேன்" என்று முடிவெடுத்துப் போகவில்லை. எல்லோரும் ஒன்றே ஒன்றுக்குத்தான் போனார்கள். இவ்வளவு மாதம் கட்டுப்பாடாக இருந்துவிட்டோம், ஒன்று பிடித்தால் என்ன ஆகிவிடும், இனி அது நம் கையில் என்கிற தைரியம் அவர்களைக் கூட்டிப் போனது. அந்த ஒன்று பெரும்பாலும் ஏமாற்றமாகத்தான் இருக்கும். தலை சுற்றும், வாய் கசக்கும். "சே, இதுக்கா ஏங்கினோம்" என்று தோன்றும். அதுவே மோசம், ஏனென்றால் ஆபத்தில்லை என்ற நம்பிக்கையை அது கொடுத்துவிடுகிறது. அடுத்த சனிக்கிழமை இன்னொன்று. அப்புறம் சனிக்கிழமைக்காகக் காத்திருக்கத் தேவை இருக்காது.

நாளைக்கு ஒன்றோடு நிறுத்திக்கொள்வேன், அதனால் என்ன கெடுதல் என்று கேட்கிறவர்களுக்கும் பதில் இருக்கிறது. நாளைக்கு ஒரு சிகரெட் பிடிப்பவருக்கு, 20 பிடிப்பவருக்குக் கூடுகிற இதய நோய் அபாயத்தில் ஏறக்குறைய பாதி கூடிவிடுகிறது. இருபதில் ஒரு பங்கு சிகரெட்டுக்கு இருபதில் ஒரு பங்கு ஆபத்து என்ற கணக்கு இதயத்திடம் செல்லாது.

அப்படியும் ஒரு நாள் பிடித்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அப்போது என்ன செய்கிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஆலன் மார்லட் என்ற அமெரிக்க உளவியலாளர், விட்டவர்கள் திரும்பிப் போவதை வாழ்நாள் முழுக்க ஆராய்ந்தவர். ஒரு முறை சறுக்குவதும் முழுதாகத் திரும்பிப் போவதும் வேறு வேறு என்று 1985-இல் வந்த தம் நூலில் எடுத்துச் சொன்னார். சறுக்கியவன் "போச்சு, எல்லாம் போச்சு, நான் இதுக்கு லாயக்கில்லை" என்று தன்னையே திட்டிக்கொள்கிறான். அந்தக் குற்ற உணர்வைத் தாங்க முடியாமல் அடுத்ததைப் பற்றவைக்கிறான். அவனை வீழ்த்தியது சிகரெட்டைவிட அந்தத் திட்டுதான். எட்டு மாதம் நீங்கள் பிடிக்காமல் இருந்த நாட்கள் ஒரு இழுப்பில் அழிந்துவிடவில்லை. உங்கள் நுரையீரல் அவற்றைக் கணக்கில் வைத்திருக்கிறது. பெட்டியை வாங்காதீர்கள். மிச்சத்தைப் பையில் வைக்காதீர்கள். அன்று இரவே ஒருவரிடம் சொல்லுங்கள். யாரிடம் என்பதற்கு வருகிறேன்.

சறுக்குகிற இடங்கள் அப்படி ஒன்றும் ரகசியம் இல்லை. முதலிடம் மதுவுக்கு. "தண்ணி அடிக்கும்போது மட்டும்" என்று விதிவிலக்கு வைத்துக்கொண்ட எவரும் நிலைத்து நின்று நான் பார்த்ததில்லை. முதல் வருடத்திலாவது அந்த மேசையைத் தவிர்த்துவிடுங்கள். இது உங்களுக்குக் கசக்கும் என்று தெரிந்தேதான் சொல்கிறேன். அடுத்தது சாவு வீடு. எடுக்கக் காத்திருக்கும் நேரத்தில், தெருமுனையில் ஆண்கள் கூடி நிற்பார்கள். துக்கத்துக்கும் வெறுமைக்கும் கையில் ஏதாவது வேண்டியிருக்கும். பிறகு கல்யாணத்துக்கு முந்தின ராத்திரி, நடு இரவில் நெடுஞ்சாலை மோட்டலில் பேருந்து நிற்கும் பதினைந்து நிமிடம், இரவு ஷிஃப்டின் மூன்று மணி. உங்களுடைய இடங்கள் உங்களுக்குத்தான் தெரியும். போவதற்கு முன்பே அங்கே என்ன செய்வது என்று முடிவு செய்துவிட்டுப் போங்கள். அங்கே போய் யோசித்தால் நண்பனின் கை உங்கள் யோசனையை முந்திவிடும். ஆசை அலை எழுந்தால் சில நிமிடங்களில் தானே இறங்கிவிடும். அந்தச் சில நிமிடம் நீங்கள் அந்த இடத்தை விட்டு நகர்ந்திருந்தால் போதும்.

டீயைப் பற்றி ஒரு விஷயம், பலருக்குத் தெரியாதது. புகையில் இருக்கும் சில பொருட்கள், காஃபீனைச் சிதைக்கும் என்சைமைக் கல்லீரலில் முடுக்கிவிடுகின்றன. புகை நின்றதும் அந்த வேகம் சில நாளில் குறைந்துவிடும். அதனால் நீங்கள் பழைய கணக்கிலேயே ஆறு டீ, நாலு காப்பி குடித்துக்கொண்டிருந்தால், ரத்தத்தில் ஏறக்குறைய இரண்டு மடங்கு காஃபீன் தங்குகிறது. படபடப்பு, தூக்கம் வராமை, கை நடுக்கம் எல்லாம் வரும். இதைத்தான் நம் ஆட்கள் "சிகரெட் இல்லாம டென்ஷன் ஆவுது" என்று புரிந்துகொண்டு கடைக்கு ஓடுகிறார்கள். டீயைப் பாதியாக்கிப் பாருங்கள்.

டென்ஷன் என்றதும் இன்னொன்று. நீங்கள் எரிந்து விழும்போது வீட்டிலேயே ஒருவர் "நீங்க மறுபடியும் அதைப் பிடிச்சுத் தொலைச்சாத்தான் சரி" என்று சொல்லியிருப்பார். வேடிக்கையாகத்தான் சொல்லியிருப்பார். ஆனால் பத்து வருடம் விடச் சொல்லிக் கெஞ்சியவரின் வாயாலேயே அனுமதி கிடைத்தது போல மனசு அதைப் பிடித்துக்கொள்ளும். உண்மை என்னவென்றால், விட்டுச் சில வாரம் தாண்டியவர்களுக்கு மனப் பதற்றமும் சோர்வும் புகைத்த காலத்தைவிடக் குறைவாகவே இருப்பதாக 2014-இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள் கண்டார்கள். சிகரெட் தணித்த டென்ஷனில் பெரும்பகுதி, முந்தைய சிகரெட் தீர்ந்ததால் வந்த டென்ஷன்.

எடை கூடும். ஒரு வருடத்தில் சராசரியாக நாலு, ஐந்து கிலோ. இதை மறைப்பதில் அர்த்தமில்லை; நடக்கத்தான் வேண்டும். காலைக்கடன் பீடி இல்லாமல் ஆகாது என்று பழகியவர்களுக்குச் சில வாரம் சிரமம் இருக்கும், பிறகு சரியாகிவிடும். முதல் வாரங்களில் சிலருக்கு இருமல் கூடும். அதை "விட்டது உடம்புக்கு ஒத்துக்கலை" என்று பக்கத்து வீட்டுக்காரர் விளக்குவார். கேட்டுக்கொள்ளுங்கள், நம்பாதீர்கள். இருமல் நீடித்தாலோ சளியில் ரத்தம் வந்தாலோ டாக்டரிடம் போங்கள். கனவும் வரும். கனவில் கூசாமல் பிடித்துவிட்டு, பதறி எழுந்து, "அய்யய்யோ, போச்சே" என்று உட்கார்ந்திருப்பீர்கள். அதைக் கெட்ட சகுனமாக எடுக்காதீர்கள். லண்டனில் பீட்டர் ஹாயெக்கும் அவருடைய துணை ஆய்வாளரும் 1991-இல் வெளியிட்ட ஆய்வில், இந்தக் கனவு வந்தவர்கள்தான் விட்ட நிலையில் அதிகம் நிலைத்திருந்தார்கள்.

டாக்டர் சொல்லி நிகோடின் சூயிங்கமோ மாத்திரையோ எடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வீராப்புக்காகப் பாதியில் நிறுத்தாதீர்கள். வாரக்கணக்கில் எடுக்க வேண்டிய மருந்து அது. அந்தச் சூயிங்கத்தைப் பாக்கு போலப் போட்டு மெல்லக் கூடாது. மெதுவாகக் கடித்து, சுரீரென்று காரம் தெரிந்ததும் கன்னத்தில் ஒதுக்கி வைக்க வேண்டும். மடமடவென்று மென்று விழுங்கிவிட்டு விக்கல் வந்தது, வயிறு எரிந்தது, இது சரிப்படாது என்று தூக்கி எறிந்தவர்கள் அதிகம்.

இனி, பலரும் வெளியே சொல்லாத ஒரு நஷ்டம். நீங்கள் சிகரெட்டோடு சேர்த்து ஒரு சிறு கூட்டத்தையும் விட்டுவிட்டீர்கள். அலுவலகத்தில் மேலாளரும் கடைநிலை ஊழியரும் சமமாக நின்று பேசும் இடம் அந்தச் சுவரோரம் ஒன்றுதான். புகைப்பவருக்கு மட்டும்தான் "அஞ்சு நிமிஷம் வர்றேன்" என்று எழுந்து போகும் உரிமை இருந்தது. விட்டவருக்கு அந்த ஐந்து நிமிடமும் போயிற்று, அங்கே கிடைத்த செய்தியும் போயிற்று. இது நியாயமே இல்லை. அந்த ஐந்து நிமிடத்தை விட்டுக்கொடுக்காதீர்கள். வெறுங்கையோடு எழுந்து போங்கள், வேறு பக்கம் நடந்துவிட்டு வாருங்கள், யாராவது கேட்டால் காற்று வாங்கப் போனேன் என்று சொல்லுங்கள். வேலை செய்கிற மனிதனுக்கு இடையில் மூச்சு விட ஒரு சாக்கு வேண்டியிருந்தது. சாக்குப் போனதற்காக மூச்சையும் விட்டுவிடாதீர்கள்.

உங்களில் பெண்களும் இருக்கிறீர்கள். யாருக்கும் தெரியாமல் பிடித்து, யாருக்கும் தெரியாமலே விட்டவர்கள். பிடித்தபோது வசவுக்குப் பயம், விட்டபோது பாராட்ட ஆள் இல்லை. எச்சரிக்கை விளம்பரத்தில்கூடப் பெண் என்றால் கணவனுக்காக அழுகிறவளாகத்தான் வருகிறாள். நீங்கள் செய்தது மற்றவர்கள் செய்ததைவிடத் தனிமையான காரியம்.

"எங்க தாத்தா தொண்ணூறு வயசு வரைக்கும் சுருட்டு பிடிச்சார்" என்கிற வாதத்தை நீங்கள் கேட்காமல் இருந்திருக்க முடியாது. தாத்தா உண்மைதான். தொடர்ந்து புகைப்பவர்களில் பாதிப் பேர் அதனாலேயே சாகிறார்கள் என்றால், மீதிப் பாதியில் ஒரு தாத்தா இருக்கத்தான் செய்வார். செத்தவர்கள் திண்ணையில் உட்கார்ந்து கதை சொல்ல வருவதில்லை. பிரிட்டனில் ரிச்சர்ட் டாலும் ஆஸ்டின் பிராட்ஃபோர்ட் ஹில்லும் 1951-இல் தொடங்கி 34,439 ஆண் டாக்டர்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். ஐம்பது ஆண்டுக் கணக்கு 2004-இல் வெளியானது. புகைத்தவர்கள் புகைக்காதவர்களைவிடச் சராசரியாகப் பத்து வருடம் முன்பே இறந்தார்கள். 60 வயதில் விட்டவர்கள் ஏறக்குறைய 3 வருடம் மீட்டார்கள்; 50-இல் விட்டவர்கள் 6, 40-இல் விட்டவர்கள் 9, 30-இல் விட்டவர்கள் ஏறக்குறைய பத்தையும் மீட்டார்கள். இதற்கு முந்தைய தம் ஆய்வின் முடிவுகளைப் பார்த்துவிட்டு டால் தாமும் விட்டவர், 92 வயது வரை இருந்தார். அதை நான் சான்றாகச் சொல்லவில்லை; தனி ஒரு ஆள் சான்றாக மாட்டார், உங்கள் தாத்தாவைப் போலவே. ஆனால் அந்த 3, 6, 9 எல்லாம் விட்டுவிட்டு அப்படியே நின்றவர்களுக்கான கணக்கு என்பதைக் கவனியுங்கள். விட்டு ஒரு வருடத்தில் மாரடைப்பு அபாயத்தின் கூடுதல் பங்கு பாதியாகிறது. நுரையீரல் புற்றுநோயால் சாகும் வாய்ப்பு பாதியாகப் பத்து வருடம் பிடிக்கிறது. அந்தப் பத்து வருடம் நடுவில் அறுபடாமல் ஓட வேண்டும்.

பணத்தைப் பற்றி எல்லோரும் சொல்கிறார்கள், ஆனால் மிச்சமானது யார் கண்ணிலும் படுவதில்லை. ஒரு சிகரெட் 20 ரூபாய், நாளைக்குப் பத்து என்று வைத்தால் மாதம் 6,000. அது பெட்ரோலிலும் பிஸ்கட்டிலும் கரைந்துவிடும். அஞ்சல் அலுவலகத்தில் ஐந்து வருடத் தொடர் வைப்பு ஒன்றை உங்கள் பெயரில் தொடங்கி அதே 6,000-ஐ அதில் கட்டுங்கள். முதிரும்போது வட்டியை விட்டுவிட்டாலும் 3,60,000. மாதாமாதம் பாஸ்புக்கைப் பார்க்கிறபோது, கண்ணில் படாத நன்மை ஒன்றுக்காவது எழுத்தில் உருவம் கிடைக்கும். பீடி பிடித்தவர்களுக்குத் தொகை சிறியதாக இருக்கும், பரவாயில்லை, கட்டுங்கள்.

இப்போது என் வேண்டுகோள். சாமிக்கு மாலை செய்ததை உங்களுக்கு யாராவது ஆட்கள் செய்ய வேண்டும். இந்த வாரத்துக்குள் இரண்டு பேரைத் தேர்ந்தெடுங்கள். ஒருவர் உங்களோடு சேர்ந்து புகைத்தவராக இருக்கட்டும். "எனக்கு இனிமே நீட்டாதே, நானே கேட்டாலும் கொடுக்காதே" என்று அவரிடம் சொல்லிவிடுங்கள். மற்றவர் புகைக்காதவராக, உங்களைத் திட்டாதவராக இருக்கட்டும். சறுக்கினால் அன்று இரவே கூப்பிடுவேன் என்று அவரிடம் சொல்லிவையுங்கள். இதற்குத் தனியாகத் துணிச்சல் தேவையில்லை, இரண்டு பேச்சு போதும். இதைச் செய்ய வெட்கமாக இருக்கிறது என்றால், அந்த வெட்கத்தின் அடியில் "ஒருவேளை திரும்பிப் போனால்" என்ற ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறீர்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்படிச் சொல்ல ஒருவரும் இல்லாதவர்களுக்கு அரசின் இலவசத் தொலைபேசி உதவி இருக்கிறது: 1800-11-2356. தமிழிலும் பேசலாம். விட நினைப்பவர்களைப் போலவே, விட்டுவிட்டுத் தடுமாறுகிறவர்களும் கூப்பிடலாம். 2018 முதல் இந்த எண்ணைச் சிகரெட் பெட்டியின் மேல்தான் அச்சிடுகிறார்கள். நீங்கள் பெட்டி வாங்குவதை நிறுத்திவிட்டதால் அது உங்கள் கண்ணில் பட வழியில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன். போனில் பதிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்களுக்கு முன்னால் விட்டவன்